மென்டார் நோட்டு

ஹால் டிக்கெட் வரிசையில் உமாமகேஸ்வரியின் முறை வந்தது. கிளார்க் ஈஸ்வரி கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வரலையே தாயி, அட்டெண்டன்ஸ் அறுபத்து நாலு பர்சென்ட்தான் இருக்கு," என்றாள். உமா சிரித்தாள். "எங்க சார் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காருக்கா," என்று பின்னால் நின்றவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அப்படி ஒரு நம்பிக்கை. 

சார் என்றால் வசந்தகுமார் சார். ராமநாதபுரத்தில் அவள் பி.காம். படிக்கும் கல்லூரியில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவர்தான் மென்டார். படிப்பில் சிக்கலோ, வீட்டில் தொல்லையோ, எதுவானாலும் அவரிடம் போய்ச் சொல்லலாம். மற்ற மென்டார்களுக்குத் தங்கள் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. இவர் அப்படியில்லை. முதல் வருடம் புள்ளியியலில் உமா ஃபெயில் ஆனபோது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லித்தந்தார். போன வருடம் அவள் அய்யா முனியசாமி மாப்பிள்ளை பார்த்துவிட்டார் என்றதும், கமுதிப் பக்கம் அவள் ஊர்வரைக்கும் பஸ் ஏறி வந்து பேசினார். "டிகிரி முடியட்டும்யா, மதுரையில ஆடிட்டர் ஆபீஸ்ல வேலைக்கு நான் சொல்லிவிடுறேன்." அய்யா யோசித்துவிட்டு, "வர்ற சித்திர வரைக்கும் பொறுக்குறேன் சார். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது," என்றார். ஆகவே இந்தப் பரீட்சை உமாவுக்கு வெறும் பரீட்சை அல்ல.

பிப்ரவரியில் அம்மா வரப்பில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். இரண்டு ஏக்கர் குண்டு மிளகாய் பழுத்து நின்றது. எல்லார் கொல்லையிலும் பழம் சிவந்திருக்கும்போது கூலிக்கு யார் வருவார்கள்? உமா சாரிடம் போய் நின்றாள்.

"போயிட்டு வா. எழுபத்தஞ்சுக்குக் கொறஞ்சா அபராதம் கட்டிக்கலாம். அறுபத்தஞ்சுக்குக் கீழ போனாத்தான் எழுத விடமாட்டாங்க. அதுக்கிட்ட வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன்," என்றார்.

நடுவில் அவளே ஒரு தடவை போன் போட்டாள். "சார், இன்னும் அஞ்சாறு நாள் ஆகும் போல."

"ஆகட்டும்மா. அம்மாவப் பாரு. இங்கன நான் பாத்துக்கிறேன்."

அவள் விரல்கள் காந்தக் காந்த மிளகாய் பறித்தாள். இருபத்து நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கல்லூரி திருவிழாக் கோலத்தில் இருந்தது. மறுநாள் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. மாதாமாதம் ஒவ்வொரு மாணவரையும் கூப்பிட்டுப் பேசி எழுத வேண்டிய மென்டார் நோட்டு, ஜூலை முதல் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. குழு வரும்போதெல்லாம் நடக்கிற கூத்துதான் இது. ஒரே மத்தியானத்தில் ஒன்பது மாத அக்கறையையும் எழுதி முடிப்பார்கள். ஜூலைக்கு நீலப் பேனா, ஆகஸ்டுக்குக் கறுப்பு, ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க. உமாவின் எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சார் அவளைத்தான் உட்கார்த்திவைத்தார். இருபத்தைந்து பேருக்கும் அவளே எழுதினாள்.

தன் பக்கம் வந்ததும், "எனக்கு என்ன சார் போட?" என்று கேட்டாள்.

"பிப்ரவரியில ரெண்டு, மார்ச்சுல ஒண்ணு. வருகைப் பதிவு குறைவு, மாணவி எச்சரிக்கப்பட்டார்னு போடு. ஒன்னையப் போட்டு மெரட்டுறேன்னு குழுக்காரங்க நெனைக்கட்டும்," என்றார். இருவரும் சிரித்தார்கள். அவள் மூன்று தேதி போட்டு மூன்று கையெழுத்தும் போட்டாள்.

ஈஸ்வரி சொன்ன அன்றே முதல்வர் அறைக்குப் போனாள். சாரும் வந்தார். வகுப்பு நடந்தது தொண்ணூறு நாள், அவள் வந்தது ஐம்பத்தெட்டு. இன்னும் ஒரே ஒரு நாள் வந்திருந்தால் அபராதத்தோடு போயிருக்கும்.

"ஒரு நாள்தான் சார். வசந்தகுமார் சார் ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ் ஏறி வந்திருப்பேன்," என்றாள் உமா.

முதல்வர் வசந்தகுமாரைப் பார்த்தார். வசந்தகுமார் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர். மே மாதம் புதுப்பிக்க வேண்டும். உமாவின் முகத்தைப் பார்க்காமல் நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். "மூணு தடவ சொல்லியிருக்கேன் சார்."

முதல்வர் நோட்டை உமா பக்கம் திருப்பினார்.

"ஒன் கையெழுத்துதானம்மா?"

"ஆமா சார். ஆனா அது குழுவுக்காக எழுதுனது. அதுல போட்டிருக்குற பிப்ரவரி இருபதாம் தேதி நான் காலேஜுலயே இல்ல, கொல்லையில மொளகா பறிச்சுக்கிட்டு இருந்தேன். ரிஜிஸ்டரப் பாருங்க சார், ஆப்சென்ட் போட்டிருக்கும்."

"போன்ல சொன்னேன் சார். வந்தப்புறம் கையெழுத்து வாங்கினேன்," என்றார் வசந்தகுமார். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அந்தத் தடுமாறாமைதான் அவளைக் கொன்றது.

"சார், போன்ல நீங்க என்ன சொன்னீங்க? அம்மாவப் பாருன்னு சொன்னீங்களே சார்!"

முதல்வர் நோட்டை மூடினார். "பொய்யா எழுதினேங்கிற. அப்ப மத்த இருபத்து நாலு பேருக்கு எழுதுனதும் பொய்யா? குழு பாத்துப் பாராட்டிட்டுப் போன நோட்டும்மா இது." அதற்குமேல் அவர் கேட்கத் தயாராக இல்லை. "அடுத்த வருஷம் எழுது."

துறை அறைக்கு வந்ததும் வசந்தகுமார் கதவைச் சாத்தினார். முகம் வியர்த்திருந்தது. "எனக்கு வேற வழி தெரியல உமா. ரெண்டு புள்ளைங்க இருக்கு. ஒங்க அய்யாகிட்ட நானே வந்து பேசுறேன்."

"எங்க அய்யாகிட்ட வராதீங்க சார்," என்றாள்.

 அவர் தயங்கித் தயங்கி அதே நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "பரீட்ச எழுத முடியாதவங்களுக்குக் கடைசியா ஒரு பதிவு வேணுமாம். மாணவிக்கு ஆறுதல் கூறப்பட்டதுன்னு ஒரு வரி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடும்மா."

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். மூன்று வருடம் தெய்வம் மாதிரி நினைத்த முகம். பேனாவை வாங்கி எழுதினாள். மூன்று முறை எச்சரித்ததாக மேலே இருப்பது பொய், எழுதச் சொன்னவர் வசந்தகுமார், நம்பி எழுதியவள் நான். இந்தத் தடவை அன்றைய தேதியையே போட்டாள்.

அவர் படித்தார். கோபப்படுவார், கிழிப்பார் என்று நினைத்தாள்.  அவர் நோட்டைப் பீரோவுக்குள் மற்ற நோட்டுகளுக்கு அடியில் செருகிப் பூட்டினார்.

"இருக்கட்டும்மா," என்றார் மெதுவாக. "குழு இனி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் வரும். அதுவரைக்கும் இத யாரும் தொறக்க மாட்டாங்க."

அது பொய்யில்லை என்று உமாவுக்குத் தெரிந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, அவர் முன்னாலேயே.