தாளம் தப்பிய இடம்

மிதுஷா லண்டனில், லூயிஷாமில் ஒரு ஃபார்மசியில் வேலை பார்த்தாள். சனி, ஞாயிறுகளில் அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசித்தாள். அப்படி ஓர் அரங்கேற்றத்துக்கு, ஆடிய பிள்ளையின் பள்ளிக்கூட ஆசிரியை என்ற முறையில் வந்திருந்தவள்தான் இங்ரிட். சுவீடன்காரி. நிகழ்ச்சி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது, அவள் கையில் வடைத் தட்டோடு மேடைக்கு ஏறி வந்து, மிருதங்கத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்த மிதுஷாவிடம் நேராகவே கேட்டாள்.

"எங்கள் பாண்டில் சேர்கிறாயா?"

மிதுஷா சிரித்தாள். வந்து பார்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது ஓமா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. இங்ரிட் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

பாண்டில் அதுவரை இரண்டே பேர். இங்ரிட் வயலின், நோர்வேக்காரனான லார்ஸ் அக்கார்டியன். பாண்டின் பெயருக்கு சுவீடிஷில் 'ஓநாயும் கோழியும்' என்று அர்த்தம். யார் ஓநாய், யார் கோழி என்று மிதுஷா கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில், வேலை முடிந்த கையோடு, தேவாலய ஹால் ஒன்றில் ஒத்திகை. இரண்டு பேரும் இருந்து வாசிக்கிற ஆட்கள் இல்லை. குதிப்பார்கள், பலகைத் தரையை உதைப்பார்கள், பாட்டின் நடுவில் கூக்குரல் இடுவார்கள். முதல் நாளே மிதுஷாவுக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. அதே முதல் நாளே குழப்பமும் தொடங்கிவிட்டது.

அவர்களுடைய நடனப் பாட்டுகளில் மூன்று தட்டு. அது அவளுக்குப் புதிதில்லை. 'தகிட' என்றால் நித்திரையிலும் வாசிப்பாள். ஆனால் இந்த மூன்று தட்டும் ஒரே அளவில்லை. ஒன்று குறுகியிருந்தது, ஒன்று இழுபட்டது. எது குறுகும், எது இழுபடும் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறியது. அவள் அவர்களின் கால்களைப் பார்த்து வாசிக்க முயன்றாள். லார்ஸின் கால் தரையில் படும்போது இங்ரிட்டின் கால் இன்னும் காற்றில் இருந்தது.

"முதல் தட்டு எங்கே?" என்று அவள் நிறுத்திக் கேட்டாள்.

"இதோ, இங்கே," என்று லார்ஸ் தரையை உதைத்தான்.

"எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பிந்தி வரும்," என்றாள் இங்ரிட்.

"எவ்வளவு பிந்தி?"

இங்ரிட் யோசித்தாள். "அது உனக்கே தெரியவரும்," என்றாள்.

மிதுஷாவுக்குத் தெரியவரவில்லை. ஒத்திகையைக் கைபேசியில் பதிந்து வந்து வீட்டில் போட்டுப் போட்டுக் கேட்டாள். அவளுடைய கணவன் யனுஷன் ரயில் ஓட்டுநர். அவனும் பக்கத்தில் இருந்து மேசையில் தட்டிப் பார்த்தான்.

"நீர் எண்ணுறதை விட்டிட்டுச் சும்மா கேளும்," என்றான்.

"எண்ணாமல் என்னண்டு வாசிக்கிறது? சின்ன வயசிலை இருந்து எண்ணித்தானே பழகினனான்."

"அப்ப அவையளிட்டைச் சொல்லும், எனக்கு ஏலாதெண்டு."

"ஏலாதெண்டு இல்லை. எனக்கு விளங்கேல்லை. அது வேறை."

ஆல்பம் பதியப் போகும்வரை அவள் ஒருமாதிரி சமாளித்தாள். ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்தவள் பிரீத்தா, சென்னைக்காரி. மிதுஷா ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்புவதைப் பார்த்து, "ஐயோ, எவ்ளோ நாளாச்சு இதப் பாத்து!" என்று ஓடிவந்து படம் எடுத்துக்கொண்டாள். பாதி ஆல்பம் சுகமாகப் பதிவாகியது. பிறகு வந்தது ஆக வேகமான பாட்டு. இங்ரிட்டின் அப்பா கல்யாண வீடுகளில் வாசிக்கிற பாட்டு அது.

நடுப்பகுதியில் மிதுஷாவுக்குத் தாளம் முழுக்கத் தப்பியது. எங்கே நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. கையை எடுத்தால் பதிவு பழுதாகிவிடும். அரங்கேற்றங்களில் பிள்ளைகள் அடவை மறந்து திகைக்கும்போது சமாளிக்க வாசிப்பதைப்போல, முத்தாய்ப்பாக மூன்று தரம் வாசிக்கும் கோர்வை ஒன்றைக் கைக்கு வந்தபடி எடுத்து ஓட்டினாள். எங்கே போய் விழுவது என்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் விழுந்தாள். அதே நொடியில் வயலினும் அக்கார்டியனும் வந்து விழுந்தன.

பாட்டு முடிந்தது. பிறகு இங்ரிட் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரீத்தா இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்டினாள். 'நான் தவறவிட்டேன்' என்று சொல்ல மிதுஷா வாயைத் திறந்தாள். இங்ரிட்டின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

ஆல்பம் வெளிவந்தபோது எல்லோரும் பேசியது அந்தப் பாட்டைப் பற்றித்தான். ஒரு விமர்சகர், 'தாளத்தை அந்தரத்தில் தொங்கவிடும் துணிச்சல்' என்று எழுதினார். இணைய வானொலி ஒன்றில், அந்த இடத்தை எப்படித் திட்டமிட்டீர்கள் என்று கேட்டார்கள். மிதுஷா இங்ரிட்டைப் பார்த்தாள். இங்ரிட் லார்ஸைப் பார்த்தாள். லார்ஸ் தண்ணீர் குடித்தான்.

அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் மிதுஷாவுக்கு ஒரு புதுச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தப்பு எது என்று இப்போது அவளாலேயே காட்ட முடியவில்லை. ஒருவேளை சரியாகத்தான் வாசித்தோமோ? பொறுக்க முடியாமல் பிரீத்தாவுக்கு அழைத்தாள்.

"பிரீத்தா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த இடத்திலை எனக்குத் தாளம் தப்பினது உங்களுக்கு விளங்கேல்லையா?"

"உங்களுக்கா? லார்ஸ் தானே தப்பினான்?"

"என்ன?"

"ஆமா. அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் அவன் தனியா வந்து கெஞ்சினான். 'நான் தொலைஞ்சுட்டேன், மிதுஷாதான் காப்பாத்தினா, இன்னொரு டேக் எடுக்கலாமா'ன்னு. நான்தான் முடியாதுன்னுட்டேன். யாருக்கும் சொல்லாதீங்கன்னான். இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன் பாருங்க."

மிதுஷா ஃபோனை வைத்துவிட்டு அந்தப் பாட்டை மறுபடி போட்டாள். மற்ற இருவரும் தாளத்தில் நின்று தன்னைக் கரை சேர்த்ததாக நினைத்திருந்தாள். லார்ஸோ அவளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

வெளியீட்டு நிகழ்ச்சி ஒரு ஞாயிறு பின்னேரம், கேம்டன் பக்கத்தில் ஒரு பழைய ஹாலில் நடந்தது. மேடையில் அந்தப் பாட்டை ஆல்பத்தில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ஒத்திகைகளில் ஒருமுறைகூட அது வரவில்லை. மேடைக்குப் பின்னால், மிதுஷா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "அந்த இடத்தில் நான் தவறவிட்டேன். எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் வாசித்தேன்."

லார்ஸின் காது சிவந்தது. "நானும்தான்," என்றான்.

இங்ரிட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியானால் நான் யாரைப் பின்பற்றினேன்?" என்று கேட்டாள்.

லார்ஸ் அக்கார்டியனின் வாரை இறுக்கினான்.

"அந்தப் பதிவை என் அப்பாவுக்கு அனுப்பினேன்," என்றாள் இங்ரிட். "இது நம்முடைய பாட்டு இல்லை என்றார். இல்லை அப்பா, இவர்கள் அதற்குள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவரோடு சண்டை போட்டேன்." அவள் வயலினையும் வில்லையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள்.

ஹாலில் முன்வரிசைக் கதிரைகளை அகற்றியிருந்தார்கள். சுவீடன் நாட்டு நடனம் தெரிந்தவர்கள் சோடி சோடியாகச் சுழன்றார்கள். அந்தப் பாட்டின் நடுப்பகுதி வந்ததும் சோடிகள் ஒன்றோடொன்று மோதின. ஒருத்தர் இப்போது காலை வைத்தார், மற்றவர் பிறகு வைத்தார். மிதுஷா கோர்வையைத் தொடங்கினாள். திட்டமிட்டு வாசித்ததால் அது உயிரில்லாமல் ஓடியது. லார்ஸ் முந்திப் போனான். திடீரென்று இங்ரிட் வாசிப்பதை நிறுத்தி, இரண்டு காலாலும் ஓங்கித் தரையை உதைத்தாள். உதைத்தபடியே மிதுஷாவைப் பார்த்தாள். கோபப்படுகிறாளா, உதவி கேட்கிறாளா என்று தெரியவில்லை. மிதுஷா எண்ணுவதை விட்டுவிட்டு அந்தக் கால்களோடு போனாள். மூவரும் மூன்று இடத்தில் முடித்தார்கள்.

சனம் எழுந்து நின்று கூவியது.

இறங்கியதும் இங்ரிட் வியர்வையைத் துடைத்தாள். "நல்லாயிருந்ததா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் மிதுஷா.

"எனக்கும் தெரியாது." இங்ரிட் வயலின் வில்லைத் தளர்த்தியபடி, "நீ அங்கே வாசித்ததற்கு என்ன பெயர்?" என்று கேட்டாள்.

"கோர்வை."

"செவ்வாய்க்கிழமை அதை எனக்குக் காட்டு. மெதுவாக. பதிவில் நான் எதன் பின்னால் போனேன் என்று பார்க்க வேண்டும்."

நிகழ்ச்சிக்கு வந்திருந்த யனுஷன் காரை ஓட்டினான். பாலம் தாண்டியதும் மிதுஷா கேட்டாள்.

"எப்பிடி இருந்தது? பொய் சொல்லாதையுங்கோ."

"சனம் கை தட்டினது."

"அது எனக்கும் கேட்டது. உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

யனுஷன் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினான். "எனக்கு எங்கை தட்டுறதெண்டு தெரியேல்லை. பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தவர். அவரைப் பாத்துப் பாத்துத் தட்டினன். பிறகு பாத்தால், அவர் என்னைப் பாத்துத் தட்டுறார்."

மிதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்த பிறகும், பதிவில் எங்கே தொடங்கி எங்கே விழுந்தோம் என்றே தெரியாத கோர்வையில் செவ்வாய்க்கிழமை இங்ரிட்டுக்கு எதைக் காட்டப்போகிறோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.