ஒரே கனெக்ஷனில் நான்கு வொர்க்கர்

"எழுபது வயசுப் பெரியவருக்குக் கர்ப்பம் உறுதின்னு மெசேஜ் போயிருக்காம்!" மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் ரிசெப்ஷனிலிருந்து வந்த போனை வைத்துவிட்டுச் சோடாபுட்டி விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணாடியின் தடிமனுக்காக ஆபீஸ் வைத்த பெயர் அது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பரிசோதனைக் கூடத்தின் வெப்சைட்டை எழுதியவள் அவள்தான். ஆபீஸுக்கே அவள் அக்கா என்றாலும், கூடப் பிறந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். சற்று முன்புதான் போனில் அழுதுகொண்டே சிரித்தாள். மார்பில் இருந்தது சாதாரணக் கட்டிதானாம், பயப்பட ஒன்றுமில்லை என்று மெசேஜ் வந்துவிட்டதாம். "நான் பொழைச்சேன்க்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் காதே அடைத்துவிட்டது.

அந்த மெசேஜும் இந்த வெப்சைட்டிலிருந்து போனதுதான்.

"இளிச்சது போதும், வொர்க்கரை எல்லாம் நிறுத்துடா."

"ஒரே ஒரு மெசேஜ்தானேக்கா, அதுக்குப் போயி..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

வொர்க்கர் என்றால் ஆள் இல்லை. வெப்சைட் முன்னால் நின்று வருகிறவர்களைக் கவனிக்க, பின்னால் சத்தமில்லாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கும் புரோகிராம். இன்னாருடைய ரிசல்ட் என்ன என்று டேட்டாபேஸைக் கேட்க ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனிக் கனெக்ஷன் வேண்டும். இந்தத் தொழிலில் அது பாலபாடம். அந்தப் பாலபாடத்தில்தான் மகராசி கோட்டை விட்டாள். முதலிலேயே ஒரு கனெக்ஷனைத் திறந்துவிட்டு, அப்புறம் நான்கு வொர்க்கர்களாகப் பிரித்தால் வேகமாக இருக்குமே என்று நேற்று புரோகிராமில் ஒரு வரியை மேலே தூக்கி வைத்தாள். ஒரே ஒரு வொர்க்கரை ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், தனியாளாக இருந்தால் யாரோடு சண்டை போடும்? இன்று காலை நான்கும் ஒரே கனெக்ஷனில் முண்டியடிக்க, ஒன்றுக்கு வந்த பதிலை இன்னொன்று பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. போன் நம்பர் சரி, ரிசல்ட் மட்டும் அடுத்தவருடையது.

"புத்தியைக் கடன் குடுத்துட்டேனாடா நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"டேட்டாபேஸ்ல இருக்கிறது சரிதானேக்கா?"

"அது சரிதான். நாம வாசிச்சதுதான் கோணல்."

தூக்கி வைத்த வரியை இறக்கி, வொர்க்கருக்கு ஒரு கனெக்ஷன் என்று ஆக்கினாள். பிறகு காலையில் போன மெசேஜ்களையும் அசல் ரிசல்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பல சரியாக இருந்தன. சில தாறுமாறாக இருந்தன. தங்கையின் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது. அசலில் இருந்தது இதுதான்: புற்றுநோய் செல்கள் உள்ளன, உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

"சரியானதை எல்லாருக்கும் மறுபடி அனுப்பிடவாக்கா?"

"அனுப்பு. இந்த ஒண்ணை மட்டும் விட்டுடு."

சோடாபுட்டி குனிந்து பெயரைப் படித்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

"நாளைக்கு நானே சொல்லிக்கிறேன்டா. இன்னைக்கு ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும்."

மறுபடி ரிசெப்ஷன் போன். ஒரு அம்மா விடாமல் அழுகிறார், யார் சொன்னாலும் கேட்கவில்லை, நீங்களே பேசுங்கள் என்று இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

"சர்க்கரை பார்க்கத்தானேம்மா ரத்தம் குடுத்தேன்? புற்றுநோய்னு வந்திருக்கே!"

அக்கா அவர் பெயரைத் தேடினாள். தங்கைக்குப் போக வேண்டிய மெசேஜ்தான் இவரிடம் போயிருந்தது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க. சர்க்கரைகூட சரியாத்தான் இருக்கு. தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க."

"நீயெல்லாம் நல்லா இருப்பியா? பாதி உசுரு போயிடுச்சுடி எனக்கு!" அவர் திட்டித் தீர்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "இரு, அப்போ இது யாரோடது? அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாதுங்க."

"அடிப்பாவி! அவங்க ஒண்ணுமில்லைன்னு நிம்மதியா உட்கார்ந்திருப்பாங்களே. முதல்ல அவங்ககிட்ட சொல்லும்மா."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தங்கையைக் கூப்பிட்டாள். அங்கே ஒரே சிரிப்புச் சத்தம்.

"அக்கா, வா வா, எல்லாரும் இங்கதான் இருக்கோம். கேக் வெட்டப் போறோம். அந்தப் பெரிய டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைக்கூட கேன்சல் பண்ணிட்டேன். சனியன் விட்டதுக்கா!"

அக்கா கதவருகே நின்றுவிட்டாள்.

"அதைத் திரும்ப வாங்குடி."

"எதைக்கா?"

"அப்பாயின்ட்மென்ட்டை. இப்பவே போன் பண்ணு கண்ணு. நான் வந்துட்டே இருக்கேன். உனக்கு வந்த ரிசல்ட் உன்னோடது இல்லடி."