சலவை-1க்கு வந்த கடிதம்

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பு நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "கம்பெனிக்குள் ஒரு உள்வலையைக் கட்டுவது எளிது. ஆட்களை அதற்குள் வரவைப்பதுதான் வேலை." வகுப்பெடுக்கும் சார் சொன்னதை அப்படியே எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடும் போட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கக் கை கூசுகிறது.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். வரிசை மாறினால் என் தப்பு இருப்பதைவிடச் சின்னதாகத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கிறது. மாடியில் ஆபீஸ், கீழே சலவைக்கூடம். நான் மாடியில் கிளார்க். அண்ணி கீழே இஸ்திரி உருளையில். ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து, சுருக்கம் விழாமல் உருளைக்குள் விட வேண்டும். பதினொரு வருடமாக விடுகிறார். போன வருடம் ஏணியிலிருந்து விழுந்து அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து அவன் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்தால் அது எங்கள் வீட்டில் ஒரு செய்தி. அதனால் வீடு அண்ணியின் கையில்தான் ஓடுகிறது.

உள்வலை, அதாவது கம்பெனி ஆட்கள் மட்டும் திறந்து பார்க்கிற வலைத்தளம், எனக்கு முன்பே இருந்தது. திறந்தால் சேர்மன் சிரிப்பார். அதற்குக் கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய வாழ்த்துச் செய்தி. வாரத்துக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். அதிலும் பாதி வழி தவறி வந்தவர்கள். ஆள் நிர்வாகம் பார்க்கும் மேடம் ஒருநாள், "நீதான் சாயந்தரம் ஏதோ படிக்கிறியே, இதையும் கொஞ்சம் பாரேன்" என்று அதை என் தலையில் கட்டினார்.

நான் எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள். மாடிப்படி ஏறி வருகிற ஒவ்வொருவரும் எதைக் கேட்க வருகிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டே வந்தேன். ஷிப்ட் அட்டவணை, கம்பெனி பஸ் கிளம்பும் நேரம், மிச்சமிருக்கும் லீவு. இந்த மூன்றையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். சேர்மனைக் கேட்காமலேயே அவரை மூன்றாம் பக்கத்துக்கு அனுப்பினேன். கீழே படியடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைக்கச் செய்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் நின்றது. கீழே வேலை செய்பவர்களுக்கு ஐடி கிடையாது. ஆளுக்கொன்று வாங்க வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்துக்கு ஆளுக்கொரு படிவம் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஐடி வாங்கினேன். பெயர் சலவை-1. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரின் மேல் ஒட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை. முழுக்க என் யோசனை.

"இதென்ன பூட்டையும் போட்டு சாவியையும் அதுலயே தொங்க விட்டிருக்கே?" என்றார் மைக்செட். பெரிய வாஷிங் மெஷினை ஓட்டுபவர். பதினைந்து வருடம் அதன் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்துத் தெருவில் கொண்டுவருவார்களாம்.

"உள்ள திருட ஒண்ணும் இல்லண்ணே, பஸ் டைம்தான் இருக்கு."

"எங்க பஸ்ஸ எவன் திருடுவான்? அவனே தள்ளிட்டுப் போகணும்."

மூன்று மாதத்தில் வாரத்துக்கு அறுநூறு வருகை. மேடம் அதை மீட்டிங்கில் படித்தார். நான் அதை வகுப்புக் கட்டுரையாக எழுதினேன். எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணினேனே தவிர, எத்தனை பேர் என்று எண்ணவில்லை. எண்ணவும் முடியாது. உள்வலையின் கண்ணுக்குக் கீழே இருந்த நாற்பத்தொரு பேரும் ஒரே ஆள்.

பிறகு, சலவைக்கூடத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. புதுக் கட்டடம், புது மெஷின். வர விரும்புகிறவர்கள் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் உள்வலையில் "வருகிறேன்" என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காதவர்களுக்கு மாதக் கடைசியோடு வேலை முடிந்தது. "எல்லாரும்தான் உன் போர்டலைப் பாக்குறாங்களே, அதுலயே போட்டுடலாம்" என்றார் மேடம். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை படியடியில் வரிசை நின்றது. அண்ணியும் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போய் அமுக்கினார். மேலே பார்த்து, "நாத்தனாரே, அமுக்கிட்டேன். இனிமே என்னை நீதான் கரை சேர்க்கணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

புதன்கிழமை அறிக்கையைத் திறந்தேன். பதினான்கு பேர் என்றது. மாடிக்காரர்கள் பதின்மூன்று, சலவை-1 ஒன்று.

எங்கோ நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான். மூன்று முறை திறந்து மூடினேன். அறிக்கை வாரத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்குமோ என்னவோ. நோட்டில் "கேட்க வேண்டியவை" என்று தலைப்புப் போட்டு, ஒன்று என்று எண் போட்டு எழுதி வைத்தேன்.

வியாழன் காலை மேடம் கேட்டார். "என்னம்மா, பதினாலுதான் காட்டுது? கீழ இருக்குறவங்களுக்கு வர இஷ்டம் இல்லையா?"

"இன்னும் ஏறும் மேடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று மாலை வகுப்பில் சாரிடம் கேட்டேன். யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டேன். "சார், ஒரே ஐடியில பல பேர் ஒரே ஃபார்மைப் போட்டா என்ன ஆகும்?"

"ஒவ்வொண்ணும் முன்னாடி இருந்ததை அழிச்சிட்டு உக்காரும். கடைசி ஆளு மட்டும்தான் நிப்பான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "அப்படி எந்தப் புத்திசாலியாவது வெச்சிருக்கானா?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக ஆபீசுக்குப் போனேன். மேடம் அன்று முழுக்கப் புதுக் கட்டடத்தில். போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு கீழே போய் நாற்பத்தொரு கையெழுத்து வாங்கியிருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் அனுமதி இல்லாமல் செய்யலாமா என்று யோசித்தேன். மெயில் எழுத உட்கார்ந்தேன். "என் கவனக்குறைவால்" என்று தொடங்கி அழித்தேன். "கணினிக் கோளாறால்" என்று மாற்றினேன். அது பொய். அதையும் அழித்தேன்.

மதியம் மைக்செட் மேலே வந்தார். "எல்லாம் பதிவாயிடுச்சுல்ல பாப்பா? என் பையன் காலேஜ் இந்த வருஷம்தான் முடியுது. பாத்து சொல்லு."

"பாத்துட்டு சொல்றேண்ணே."

மெயில் போனபோது மணி ஐந்து இருபது.

திங்கட்கிழமை மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் தலைமை ஆபீசுக்குப் போயாச்சு. மீதி இடத்துக்கு வெளியில ஏஜென்சிகிட்ட ஆள் சொல்லியாச்சு, ஒப்பந்தமும் போட்டாச்சு. வியாழக்கிழமை நான் கேட்டேன்ல? அப்ப சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்மா."

அதற்கப்புறம்தான் தாளோடு கீழே போனேன். மெஷின்களை நிறுத்தச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். நின்ற மெஷின்களுக்கு நடுவில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. யாரும் திட்டவில்லை. மைக்செட் மட்டும், "அப்ப நாங்க நாப்பத்தொரு பேரும் சேந்து ஒரு ஆளா?" என்று கேட்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேடம் தாளை வாங்கி, மேலே "காத்திருப்போர்" என்று எழுதி ஃபைலில் வைத்தார்.

புதன்கிழமை படியடிக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் வந்தது. யாரும் எழுதாமல் உள்வலையே தானாகத் தயாரித்து அனுப்பியது. மைக்செட் அதை உரக்கப் படித்தார்.

"அன்புள்ள சலவை-1, புதிய கட்டடத்துக்குத் தங்களை மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். தங்களுக்கு ஒரு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அடுத்த வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்ளவும்." சுற்றிப் பார்த்தார். "யாருப்பா அந்த சலவை ஒண்ணு? கையத் தூக்கு, மாலை போடுறோம்!"

ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. ஒரு இடம் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும்.

மேடம், "கடைசியா அமுக்கினது யாருன்னு தெரிஞ்சா அவங்களுக்குத்தான் அந்த இடம். தெரியுமா?" என்று கேட்டார். அறிக்கையில் நேரம் மட்டும் இருந்தது: வெள்ளி, நான்கு ஐம்பத்திரண்டு.

அன்று வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும். அண்ணன் ஜன்னலோரம் தூங்கிவிட்டான். நேரத்தைச் சொன்னேன். அண்ணியின் கை நின்றது.

"நான்தான்" என்றார். "செவ்வாக்கிழமையே அமுக்கினேன். இருந்தாலும் மனசு கேக்கல. கிளம்புறப்ப இன்னொரு தடவை அமுக்கிட்டு, கம்ப்யூட்டரையும் நானேதான் அணைச்சேன். எனக்குப் பின்னால யாரும் இல்ல."

"அண்ணி, நாளைக்கே மேடம்கிட்ட சொல்லிடலாம். நேரம் பதிவாகியிருக்கு."

"யாரு சொல்றது? நீயா? நாத்தனார் வெச்ச பொட்டியில நாப்பது பேரு காணாமப் போயிட்டாங்க, அண்ணி மட்டும் மிஞ்சிட்டாங்கன்னா?"

"நிஜம் அதுதானே அண்ணி?"

"நிஜம்தான். கேக்குறவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு யோசி." மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "உன் அண்ணனுக்குத் தெரிய வேணாம். அந்த இடத்துக்குப் போகச் சொல்லுவார். அவர் சொன்னா நான் போயிடுவேன்."

நான் சொல்லியிருக்க வேண்டுமா? ஒரு பக்கம் காரணங்கள், மறு பக்கம் எதிர்க் காரணங்கள் என்று நோட்டில் கோடு போட்டு எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்தன. அண்ணியைக் கேட்காமல் ஒரு தடவை மேடம் அறை வாசல்வரை போனேன். கதவு மூடியிருந்தது. தட்டவில்லை. இந்த முறை தட்டாதது பயத்தாலா, அண்ணிக்குக் கொடுத்த மரியாதையாலா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடிதத்தின் கீழே இருந்த "ஏற்கிறேன்" பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கியிருக்கலாம். பாஸ்வேர்டு மானிட்டரின் மேலேயே ஒட்டியிருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், கடிதத்தைத் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். மைக்செட் ஒரே நாளில் ஆறு முறை வந்ததைப் படியிலிருந்து நானே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

கெடு முடிகிற வெள்ளிக்கிழமை அண்ணிக்குக் காலை ஷிப்ட். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். போனில் அறிக்கையைத் திறந்து வைத்திருந்தேன். அண்ணி கம்பெனி ஏப்ரனைத் துவைத்துக் காயவைத்து, திருப்பிக் கொடுப்பதற்காகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மணி ஆயிடுச்சா?" என்றார் நிமிராமல்.

திரையில் சலவை-1க்கு நேரே "பதில் இல்லை" என்று வந்தது. அதற்குக் கீழே அந்த வாரத்தின் வருகை: ஆயிரத்து நூற்றுப் பதினாறு. உள்வலை தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு வருகை பதிவானதே இல்லை.

"ஆயிடுச்சு அண்ணி."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஏப்ரனை மடித்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டி நின்றது.