நீலமா, பச்சையா?

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை வரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், வரி வசூலிக்கும் அம்மா போலிருக்கிறது என்று முதல் நாள் கொஞ்சம் ஒதுங்கியே நடப்பார்கள். அவளுடைய வேலை வேறு. விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணைகளின் ஒலிப்பதிவுகள் அங்கே வரும். தட்டச்சர்கள் அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு அட்டவணை இருக்கும். முதல் கட்டத்தில் வரி எண், அடுத்ததில் பேசுகிறவர், அதற்கடுத்ததில் அவர் சொன்னது. "நாற்பத்தோராம் பக்கம், பன்னிரண்டாம் வரியில நீங்க சொன்னது என்ன?" என்று வக்கீல் கேட்டால் அந்தப் பேச்சு அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். ஒரு வரி நழுவினாலும், இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்த மனிதர் பொய் சொன்னவர் போல ஆகிவிடுவார். வரிகளை நழுவ விடாமல் பார்த்துக்கொள்வது வரியக்காவின் பொறுப்பு.

கவலைப்படுவது அவளுக்குப் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். "அந்தப் பூட்டுக்கு வாய் இருந்தா அழுதுடும்" என்பார் அவள் கணவர்.

அப்படிப்பட்டவளைத்தான் மேலாளர் ஒரு நாள் காலையில் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கோர்ட்டுல கண்டிப்பாச் சொல்லிட்டாங்கம்மா. விசாரணைப் பேப்பர் எதுவும் இந்தக் கட்டடத்தைத் தாண்டி வெளியே எந்தக் கம்ப்யூட்டர்லயும் இருக்கக்கூடாதாம். நாம வச்சிருக்கற சாஃப்ட்வேர், புது பதிப்புல எல்லா ஃபைலையும் அந்தக் கம்பெனியோட இடத்துலதான் கொண்டுபோய் வைக்குது. அதனால அதை எடுத்துட்டு வேற போடணும். எதைப் போடலாம்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

"நானா சார்?"

"பின்னே? வரி நழுவுதா இல்லையான்னு உனக்குத்தானே தெரியும்? மாசக் கடைசியில பழசை எல்லா மெஷின்லேர்ந்தும் எடுத்துடுவாங்க."

உலகத்தில் பாதிப் பேர் பயன்படுத்தும் மென்பொருள் அது. அவளுக்கும் அதை விட்டால் வேறு தெரியாது. கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் வந்து, கட்டடத்துக்குள்ளேயே இயங்கக்கூடிய இரண்டு மாற்றுகளை எல்லா இயந்திரங்களிலும் ஏற்றிவிட்டுப் போனார். இரண்டுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். ஒன்றின் சின்னம் நீலம், இன்னொன்றுடையது பச்சை. அதனால் அலுவலகத்தில் அவை நீலம், பச்சை என்றே ஆகிவிட்டன.

நீலத்தைத் திறந்தால் பழையதன் கூடப்பிறந்தது போல இருந்தது. பொத்தான்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பச்சையோ, யாரோ அவசரத்தில் சாமான்களைக் கொட்டிவைத்த பரண் போல இருந்தது. வரியக்கா பழைய விசாரணைகளை ஒவ்வொன்றாக இரண்டிலும் திறந்து பார்த்தாள். நீலத்தில் வரிகள் அசையவில்லை. பச்சையில் பல பக்கங்களில் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது. அதைப் பார்த்ததும் பயந்துபோய்ப் பச்சையை மூடிவிட்டாள்.

தட்டச்சர்கள் எல்லோரையும் நீலத்தில் உட்காரவைத்து, அட்டவணையோடு ஒரு பக்கம் அடிக்கச் சொல்லிக் கேட்டாள். எதற்கெடுத்தாலும் மடக்கி மடக்கிக் கேட்பதால் 'குறுக்குக் கேள்வி' என்று பட்டம் வாங்கிய தட்டச்சர் அம்மாள்கூட, "இதுல என்ன கேக்கறதுன்னு தெரியலையே" என்றார். கடைசியாக உட்கார்ந்தவன் அவளுடைய கொழுந்தன்.

அவனுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு குரலைக் காதில் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வான். நிற்காமல் பேசும் அந்தக் குரலுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். ஒலிப்பதிவு ஒரு காதில், வாயாடி ஒரு காதில் என்று அவன் அடிக்கும் வேகத்துக்கு அந்த அலுவலகத்தில் யாரும் கிட்ட வர முடியாது. வேலை காலியிருக்கும் செய்தியை அவனுக்குச் சொன்னது அவள்தான். அவன் தேர்வு எழுதித்தான் உள்ளே வந்தான். ஆனாலும், "சொந்தக்காரரைக் கொண்டாந்துட்டாங்க" என்ற முணுமுணுப்பு ரொம்ப நாள் இருந்தது. அதனாலேயே அலுவலகத்தில் அவள் அவனிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள்.

அவன் ஒரு பத்தி அடித்துப் பார்த்தான். "நல்லாத்தான் பேசுது" என்றான். அவனிடம் மேலே எதுவும் கேட்காமல் அவள் மேலாளரிடம் போய் நீலம் என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே அறிவிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் முழுவதும் எல்லோரும் நீலத்தில் வேலை செய்தார்கள். அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் கண் அடிக்கடி கொழுந்தனின் மூலை மேசைக்கே போயிற்று. மழை போல விழுந்துகொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் அங்கே விட்டு விட்டுக் கேட்டது. மதியம் எல்லோரும் சாப்பிட எழுந்தபோதும் அவன் எழுந்திருக்கவில்லை. ஒலிப்பதிவு தெளிவாக இல்லை போலிருக்கிறது என்று அவள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "அண்ணே, நான் வேற வேலை பாக்கலாம்னு இருக்கேன். ஒரு இடத்துல ஃபோன் எடுத்துப் பேச ஆள் கேக்கறாங்க."

கணவர் கையிலெடுத்த கவளத்தை அப்படியே வைத்தார். "ஏன்டா? இந்த வேலைக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்ல. சும்மா, ஒரு மாற்றம்."

"மாற்றமாம்! ஒரே சட்டையைப் பத்து வருஷமாப் போடறவன் நீ!"

அவன் சிரித்து மழுப்பினான். வரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கை கழுவிவிட்டுப் பால்கனிக்குப் போனதும் பின்னாலேயே போனாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல அண்ணி."

"அப்ப நீலமா?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான்.

"அன்னிக்கு நல்லாப் பேசுதுன்னியே?"

"அன்னிக்கு அடிச்சது வெறும் பத்தி. மறுநாள்தான் அட்டவணைக்குள்ள போனேன். உள்ள போனா வாயாடி வாயை மூடிக்கறா அண்ணி. எந்தக் கட்டத்துக்குப் போனாலும் 'வெற்று, வெற்று'ன்னுதான் சொல்றா. என்ன அடிச்சிருக்கேன், எந்த வரியில நிக்கறேன், ஒண்ணும் தெரியல. வேற ஒரு இடத்துல அடிச்சு, எண்ணி எண்ணிக் கொண்டுவந்து ஒட்டறேன். ஒரு நாள் வேலை ரெண்டு நாள் இழுக்குது."

"வாயில என்ன வச்சிருந்தே? என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொல்லி, சாரும் அறிவிச்சாச்சு. இப்பப் போய் எனக்காக மாத்தினா என்ன பேசுவாங்க? ஏற்கெனவே பேசினதெல்லாம் போதாதா? உங்க பேரு கெடக்கூடாது."

எல்லோரையும் கேட்டோம் என்று நிம்மதியாக இருந்தாளே, அவனை அட்டவணையில் உட்காரவைத்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை? சொந்தம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் மற்றவர்களுக்குச் செய்ததைக்கூட அவனுக்குச் செய்யவில்லை. மேலாளரின் முகம், குறுக்குக் கேள்வி அம்மாளின் வாய், காலியாகிவிட்ட மூலை மேசை எல்லாம் கண்முன் மாறி மாறி வந்தன. அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

"உக்காரேன். தரை தேய்ஞ்சுடும்" என்றார் கணவர்.

"உங்களுக்கென்ன, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது" என்று அவர் மேல் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே இருவரும் போய்விட்டார்கள். அவள் அவனுடைய இருக்கையில் உட்கார்ந்து திரையை அணைத்துவிட்டு, வாயாடியைக் காதில் மாட்டிக்கொண்டு நீலத்தைத் திறந்தாள். வெற்று. கீழே போனாள். வெற்று. பக்கவாட்டில் போனாள். வெற்று. கதவு இல்லாத அறைக்குள் மாட்டிக்கொண்டது போல அவளுக்கு மூச்சு முட்டியது. பதற்றத்தில் காதுமாட்டியைக் கழற்றிவிட்டாள்.

"பச்சையைத் திறங்க அண்ணி" என்றான் அவன்.

பச்சையில் வாயாடி வாய் ஓயவில்லை. வரி ஒன்பது, சாட்சி, "நான் சுவிட்சை அணைக்கச் சொன்னேன்." வரி பத்து, வக்கீல். ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணோடும் ஆளோடும் சொன்னாள்.

"இது பேசுது. ஆனா வரி தாவுதே தம்பி! வரி தாவினா கோர்ட்டுல என்ன ஆகும்? வேணாம்பா. எனக்குப் பயமா இருக்கு."

"ஏன் தாவுதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. தாவியதைக் கண்டதும் பயந்து மூடியதோடு சரி. இப்போது பச்சையில் நழுவிய பக்கத்தையும் நீலத்தில் நழுவாத அதே பக்கத்தையும் அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எழுத்துகள் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஆனால் பச்சையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு நூலிழை அகலமாக இருந்தது. நீளமான வாக்கியங்கள் அதனாலேயே மடங்கி அடுத்த வரியை இடித்துத் தள்ளியிருந்தன.

"எழுத்துரு வேற!" என்று கத்திவிட்டாள்.

பழைய எழுத்துரு அந்தப் பெரிய கம்பெனியுடையது. அது பச்சைக்குக் கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்த வேறொன்றைப் போட்டு ஒப்பேற்றியிருந்தது. கணினிக்காரரைத் தொலைபேசியில் பிடித்தாள். அதே அகலத்தில் செய்த இலவச எழுத்துரு இருக்கிறது என்று சொல்லி, அவர் காலையிலேயே வந்து ஏற்றிவிட்டார். வரியக்கா பத்துப் பதினைந்து விசாரணைகளைத் திறந்தாள். எந்த வரியும் நகரவில்லை. நம்பாமல் மறுபடியும் எல்லாவற்றையும் திறந்தாள்.

மேலாளர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே தட்டச்சர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

"சார், நீலம் வேணாம். பச்சையைப் போடலாம்."

"விளையாடறியா? எல்லாரும் பழகிட்டாங்க. என்ன திடீர்னு?"

சொன்னாள். நாக்கு குழறியது. நடுவில் எங்கேயோ விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப உன் கொழுந்தனுக்காக மொத்த ஆபீசையும் மாத்தணும்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் பயந்த வாக்கியம் அது. வந்தே விட்டது. வந்தபின் அது நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

"ஆமா சார், அவருக்காகத்தான். அவர் எங்க வீட்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடறதாலதான் எனக்கே தெரிஞ்சுது. வேற யாராவதா இருந்திருந்தா இந்நேரம் எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பாங்க. அவங்களுக்கு வேலை சரியா வரலைன்னு நாமளும் நினைச்சிருப்போம். அது சரியா சார்?"

"அவருக்கு மட்டும் பச்சை, மத்தவங்களுக்கு நீலம்னு வச்சுக்கலாமே?"

"ஒரே விசாரணையை நாலு பேர் பிரிச்சு அடிக்கறோம். இதுல எழுதினதை அதுல திறந்தா கட்டங்கள் சிதறுது. காலைல அதையும் பாத்துட்டேன்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "புதன்கிழமை ஒரு பெரிய விசாரணை போகணும். பச்சையில பண்ணு. கோர்ட்டுலேர்ந்து ஒரு புகார் வந்தாலும் நீலம்தான். நீதான் பொறுப்பு" என்றார்.

அவள் வெளியே வந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குறுக்குக் கேள்வி அம்மாள் மட்டும், "இந்தப் பரண்ல எந்த சாமான் எங்க இருக்குன்னு யார் சொல்லித் தருவா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த இரண்டு நாட்கள் அவளுக்கு நரகம். மற்ற தட்டச்சர்கள் பொத்தானைத் தேடித் தேடி உச்சுக்கொட்டினார்கள். ஒவ்வொரு உச்சும் அவள் முதுகில் விழுந்தது. ஆனால் மூலை மேசையில் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை மதியம் விசாரணை போயிற்று. அன்று தொலைபேசி அடித்தபோதெல்லாம் அவள் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பினாள். கடைசியில் நீதிமன்ற எழுத்தரே அழைத்தார்.

"எழுத்து கொஞ்சம் வேற மாதிரி இருக்கே, மாத்திட்டீங்களா?"

"ஆமாங்க. ஏன், வரி ஏதாவது...?"

"வரியெல்லாம் சரியாத்தான் இருக்கு. பார்க்க நல்லா இருக்கு, அதான் கேட்டேன்."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து மேலாளரிடம் சொன்னாள். அவர், "சரி, பச்சையே இருக்கட்டும்" என்றார், ஏதோ நாற்காலியை நகர்த்தச் சொல்வது போல.

மூலை மேசைக்குப் போனாள். அலுவலகமே பார்க்க, அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, ஃபோன் வேலைக்கு வரலைன்னு சொல்லிடு."

"நேத்தே சொல்லிட்டேன் அண்ணி."

"நேத்தேவா? கோர்ட்டுலேர்ந்து பதில் வர்றதுக்கு முன்னாடியேவா? உனக்குப் பயமே கிடையாதா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நீங்க பயந்துக்கிட்டிருந்தீங்களே" என்றான் அவன்.

பழையது மாதக் கடைசியில் எல்லா இயந்திரங்களிலிருந்தும் போயிற்று. முணுமுணுப்பு முழுவதும் அடங்கவில்லை. பொத்தான்கள் பழக இன்னும் நாளாகும். கொழுந்தன் நீலத்தைச் செய்கிறவர்களுக்கு, அட்டவணையைப் பேசவைக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் எழுதினான். கவனிக்கிறோம் என்று பதில் வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் வரியக்காவின் திரையில் ஒரு சிறு பெட்டி எழுந்து நின்றது. பச்சையின் புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவலாமா என்று கேட்டது. அவளுக்குப் பழையபடி பயம் பிடித்துக்கொண்டது. 'இப்போது வேண்டாம்' என்பதை அழுத்தினாள். சரியாக அழுந்தியதா என்று இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கூப்பிட்டாள்.

"தம்பி, காதுமாட்டியை எடுத்துக்கிட்டு வா. அட்டவணையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்."