எட்டுக்குக் கீழே ஓர் எட்டு

கடிகாரக் கடைக்காரருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவர் சேகரிப்பிலிருந்த பழைய செம்புக் காசில் பொறித்த ஆண்டில், 8-க்கு அடியிலிருந்து இன்னொரு 8-இன் வளைவு எட்டிப் பார்த்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு வந்த மனைவி லென்ஸில் குனிந்தாள்.

"இதென்ன அதிசயம்? சீல் அடிக்கும்போது கை அசைஞ்சா எனக்கும்தான் ரெட்டையா விழுது."

"இது அசைஞ்சதில்ல. அச்சு வெட்டினவனே எண்ணை ரெண்டு தடவை கொத்தியிருக்கான்."

"அப்போ அதே அச்சுல அடிச்ச இன்னொரு காசுலயும் இருக்கணுமே. எங்க சீல்ல ஓரத்துல ஒரு உடைசல். எல்லாப் பத்திரத்துலயும் விழுது."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தாரும் இதையேதான் கேட்பார்கள். இரண்டாவது காசு இல்லாமல் சங்கத்தின் புது வகைப் பட்டியலில் இடமில்லை. அதில் ஒரு தடவையாவது தன் பெயர் வரவேண்டும் என்பது அவருடைய முப்பது வருட ஆசை.

அந்த ஆண்டுக் காசு தெரிந்தவர்களில் மச்சினனிடம் மட்டுமே இருந்தது. இரண்டு வருடம் முன்பு அவன் ஒரு கீறலைப் புது வகை என்று காட்டியபோது, "கண்ணு தெரியாதவனுக்கு எதுக்கு லென்ஸ்?" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்ட மகானுபாவர் இவர்தான். அதோடு பேச்சு நின்றது.

"நீயே போய் வாங்கிட்டு வாயேன்."

"முறைச்சுக்கிட்டது நீங்க, தூது போறது நானா?" என்றாலும் போனாள்.

மறுநாள் காசு உறையோடு வந்தது. அதே இடம், அதே வளைவு. "பாத்தியா!" என்று துள்ளியவர், விண்ணப்பத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதியும் விட்டார்.

"உறைக்குப் பின்னாலயும் ஏதோ இருக்கே, அதுக்கு லென்ஸ் வேண்டாமா?"

பென்சில் எழுத்து, போன வருடத் தேதி. 'எட்டுக்குக் கீழே இன்னோர் எட்டு. மாமாவிடம் காட்ட வேண்டும்.' அதன் கீழே, 'வேண்டாம், சிரிப்பார்.'

அவருக்கு வெட்கமாக இருந்தது. காசில் மயிரிழையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, ஒருவன் முகம் சுருங்கியது தெரியாமல் போயிருக்கிறது. தன் பெயரை அடித்துவிட்டு மச்சினன் பெயரை எழுதினார். கை நடுங்கியது.

"பாத்து, ரெட்டையா விழப்போகுது," என்றபடி மனைவி ஃபோனை நீட்டினாள். "லைன்லதான் இருக்கான்."

அவர் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார்.

"டேய், கண்ணு தெரியாதவன் நான்தான்டா. ஞாயித்துக்கிழமை சேர்ந்தே போவோம். உன் லென்ஸ எடுத்துட்டு வா."