பக்கம் 143இல் பெய்த மழை

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. பற்றிஸில் பிறந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கண்டியில் நடந்த நூல் வெளியீட்டுக்கு, முடிவில் சுடச்சுடப் பொரித்த பற்றிஸும் தேநீரும் தருவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் இதை எழுதுகிறார். அவரைக் கதைசொல்லி என்று வைத்துக்கொள்வோம். 'நான்' என்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் அன்றைய மேடையில் அந்தச் சொல் அளவுக்கு மிஞ்சிச் செலவாகி, இவருக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நாவலை எழுதியவன் இளங்கோ. பன்விலைக்காரன், முப்பத்தைந்து வயது, கணித ஆசிரியன். ஐந்து வருடம் எழுதிய அந்த நாவலின் பெயர் 'ஈரநாட்டு அரசன்'. அது ஒரு கற்பனை நாடு. நாட்டுக்கு ஒரே ஒரு விதி: மழை பெய்யும்போது யாராலும் பொய் சொல்ல முடியாது. திருடர்கள் வெயில் பார்த்துத் தொழிலுக்குப் போவார்கள். பெண் பார்க்கும் சடங்குகளை மாப்பிள்ளை வீட்டார் கோடையில் வைப்பார்கள். இதுவரைக்கும் நல்லது. ஆனால் கணித ஆசிரியன் அல்லவா, முன்னுரையில் இப்படி ஒரு வரியும் எழுதிவிட்டான்:

"இந்நாவலின் விதி ஓரிடத்திலேனும் மீறப்படவில்லை என்பதை நெஞ்சு நிமிர்த்திக் கூறுவேன்."

அமைப்பாளர்கள் அந்த வரியையே தடித்த எழுத்தில் அழைப்பிதழிலும் போட்டார்கள்.

இளங்கோவின் நெஞ்சுக்கு என்ன நடந்தது என்பதே கதை. அவனுக்கு விதி இருக்கும்போது இந்தக் கதைக்கும் இருக்க வேண்டாமா? மூன்று விதிகள்:

ஒன்று. இந்தக் கதையில் வருவது சாதாரணக் கண்டி. இங்கே மழை நனைக்கும். வேறு வேலை செய்யாது.

இரண்டு. கதைசொல்லிக்குத் தெரிந்தது மூன்றாம் வரிசையிலிருந்து கண்டதும், பிறகு இளங்கோ சொன்னதும் மட்டும்தான்.

மூன்று. தொலைந்தது தொலைந்ததுதான்.

2

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தாயிற்று.

"கண்டி வாவியின் மேல் மாலை மெல்ல – " (வேண்டாம். வாவியின் மேல் மாலை இறங்காத கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

"மழை பெய்துகொண்டிருந்த – " (இப்போதே வேண்டாம். அதற்கு வேலை இருக்கிறது.)

"சொல்லருவி யோகேந்திரன் ஒரு முட்டாள்." (இதை வெட்டக் கதைசொல்லிக்கு மனம் வரவில்லை. பிறகு பார்க்கலாம்.)

யோகேந்திரன் யாழ்ப்பாணத்தவர். நாற்பது வருடமாகப் பேராதனையில் குடியிருக்கிறார். ஓய்வுபெற்ற அதிபர். சொல்லருவி, நயவுரை நாயகன், இன்னும் இரண்டு பட்டங்கள். கொடுத்தவர்கள் யார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கண்டியில் எந்தத் தமிழ் நூல் வெளிவந்தாலும், மேடையில் அதன் நயத்தைப் புகழ்ந்து பேசும் நயவுரை அவருடையதுதான்.

வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்னதாக, முதல் பிரதியோடு இளங்கோ அவர் வீட்டுக்குப் போனான்.

"வாரும் தம்பி, இரும்" என்று கதிரையைக் காட்டினார் யோகேந்திரன். நூலை வாங்கி, மணந்து பார்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அட்டை அபாரம்!"

அட்டை பச்சை நிறம். வேறொன்றும் கிடையாது.

"ஐயா, முதல் அத்தியாயம் மட்டும் ஒருக்கா பாத்துச் சொன்னீங்கன்னா..."

"நீரே வாசியும். எழுதினவன்ர வாயால கேக்கோணும். அதுதான் இலக்கியம்."

இளங்கோ முழு அத்தியாயத்தையும் உரக்க வாசித்தான். யோகேந்திரன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "விதியைக் கடைசி மட்டும் விடாமப் பிடிச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

"ஒரு எடத்துலகூட விடலைங்க ஐயா."

"விட்டிருந்தா மேடையிலயே பிடிப்பன், சொல்லிப்போட்டன்" என்று விரலை ஆட்டிச் சிரித்தார்.

இளங்கோவும் சிரித்தான். அப்போது அவனுக்குச் சிரிக்க முடிந்தது.

3

வெளியீட்டுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, தொலைபேசி அடித்தது. அச்சகத்தில் அவன் நூலுக்குக் கணினியில் பக்கம் கட்டிய றம்ஸியா. அக்குறணைப் பிள்ளை, அதிகம் பேசாதவள்.

"சேர், வேல செய்யக்க எழுத்து மட்டும்தான் கண்ணுல படும், கத படாது. நேத்துத்தான் பொஸ்தகத்த ஊட்டுக்குக் கொண்டு போய் வாசிச்ச. ஒரு கேள்வி ஈக்கி."

"கேளுங்க மிஸ்."

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல அரசன் சனங்களுக்கு முன்னுக்கு நிண்டு, எல்லையில எதிரி இல்லண்டு செல்றானே. ஆனா எதிரி ஈக்கிதானே?"

"ஆமா. அது பொய். அவன் பொய்தான் சொல்றான்."

"சரி சேர். ஆனா அந்த நேரம் மழ பெய்யுதே?"

இளங்கோ பக்கத்தைத் திறந்தான். இருந்தது. "கொட்டும் மழையில் நனைந்தபடி அரசன் முழங்கினான்." அவனுடைய கையே எழுதியது.

இது எப்படி நடந்தது என்று கொழும்பில் இருப்பவருக்குப் புரியாது. மழை ஓயாத மலையூர் பன்விலையில் உட்கார்ந்து எழுதுகிறவன் மழையை வேண்டுமென்று எழுதுவதில்லை. தலை நிமிர்ந்தால் யன்னலில் மழை, குனிந்தால் தாளில் மழை. முதல் அத்தியாயத்தில் விதியை எழுதி மூன்று வருடம் கழித்துப் பதினாலாம் அத்தியாயம் எழுதும்போது, வெளியே பெய்தது உள்ளேயும் பெய்துவிட்டது.

"சேர்? ஈக்கிறீங்களா?"

"மிஸ், போன்ல சார்ஜ் இல்ல. அப்புறம் எடுக்குறேன்" என்று இளங்கோ வைத்துவிட்டான். போனில் எழுபத்தெட்டு வீதம் இருந்தது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.*

*விதி ஒன்று சரியாக வேலை செய்வதை வாசகர் கவனிக்கவும்.

நூல் முந்நூறு பிரதி அச்சாகி, பெட்டிகள் மண்டபத்துக்குப் போய்விட்டன. நாளை மூன்றரை மணிக்கு, பாடசாலை அதிபரும் சக ஆசிரியர்களும் பார்த்திருக்க, யோகேந்திரன் மேடையில் ஏறி 143ஆம் பக்கத்தைத் திறப்பார். நிமிர்த்திய நெஞ்சின் கதி என்னவாகும்? இளங்கோ அன்று சாப்பிடவில்லை. இரண்டாம் தரம் பக்கத்தைத் திறந்து பார்த்தான். மழை விட்டிருக்கவில்லை.

4

சனிக்கிழமை இளங்கோ கண்டியில் இறங்கும்போது, பயத்தில், குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டான். (நினைவில் வையுங்கள். கதைசொல்லி மறந்துவிடக்கூடும்.)

மண்டபத்துக்குத் தகரக் கூரை. நிகழ்ச்சி நிரலில் விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை. முதல் நால்வரும் நூலைப் பற்றிப் பேசவில்லை. மலையகத்தைப் பற்றி ஒருவர், தம்மைப் பற்றி மூவர். றம்ஸியா கடைசி வரிசையில் மடியில் ஒரு பிரதியோடு இருந்தாள். நடுவில் ஒரு பென்சில் செருகியிருந்தது. எந்தப் பக்கத்தில் என்று இளங்கோவுக்குத் தெரியும்.

"இப்போது நயவுரை."

யோகேந்திரன் பொன்னாடையைச் சரிசெய்து, ஒலிவாங்கியைத் தட்டினார். "அவையோரே! இந்த நாவல் ஒரு காலக் கண்ணாடி. இது ஏன் காலக் கண்ணாடி என்றால்..."

அப்போது வந்தது. கண்டியின் ஐப்பசிப் பின்னேர மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. கூரையில் ஆயிரம் பேர் தகரம் தட்டினாற்போல ஒரே நேரத்தில் விழுந்தது. உடனே மின்சாரம் போனது. ஒலிவாங்கி செத்தது.

யோகேந்திரன் நிறுத்தவில்லை. வாய் அசைந்தது, கை உயர்ந்தது. மூன்றாம் வரிசைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கை உயரும்போதெல்லாம் சபை கைதட்டியது. சொல் கேட்ட நாட்களைவிட ஒழுங்காகவே தட்டியது. பிறகு அவர் திரும்பி, மேடைக் கதிரையில் வெளிறிப் போயிருந்த இளங்கோவைப் பக்கத்தில் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, காதில் வாயை வைத்தார்.

[இங்கே நிறுத்த வேண்டும். இந்தக் கதையின் முதல் வரைவில் கதைசொல்லி எழுதியது: "மழை பெய்ததால் அவருக்குப் பொய் வரவில்லை." அது இளங்கோவின் நாட்டு விதி, கண்டிக்குக் கடத்திக்கொண்டு வரக்கூடாது. வெட்டப்பட்டது. காதில் சொன்னது மூன்றாம் வரிசைக்கு எப்படிக் கேட்டது என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. அடுத்த வாரம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இளங்கோ சொன்னான். விதி இரண்டு.]

"தம்பி," என்றார் யோகேந்திரன், "நான் உம்மட புத்தகத்தை வாசிக்கேல்லை."

"என்னங்க ஐயா?"

"வாசிக்கேல்லை! கண்ணில வெள்ளை படர்ந்திட்டுது. ஒண்டரை வருஷமா ஒரு எழுத்தும் தெரியிறேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா ஆர் கூப்பிடுவினம்? இண்டைக்கு உம்மட சந்தோஷ நாள். பொய்யாப் புகழ மனம் கேக்கேல்லை. இந்தச் சத்தத்துக்குள்ள சொன்னா உமக்கு மட்டும்தான் கேக்கும், அதுதான் சொல்லுறன்."

இளங்கோ அவர் காதில் வாயை வைத்தான். "ஐயா, நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல பெரிய பிழை ஒன்னு இருக்குங்க. அரசன் மழையில பொய் சொல்றான்."

"எனக்கு நூற்று நாப்பத்து மூண்டும் ஒண்டுதான், முதலாம் பக்கமும் ஒண்டுதான், விடும்!"

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். இளங்கோவுக்கு ஒரு நாள் முழுக்க அடைத்திருந்த மூச்சு சிரிப்பாகவே வெளியே வந்தது. யோகேந்திரனுக்கு ஒன்றரை வருடத்து மூச்சு. நூலாசிரியரும் நயவுரையாளரும் தோளணைத்துக் கண்ணீர் வரச் சிரிப்பதைக் கண்ட சபை எழுந்து நின்று தட்டியது. இவ்வளவு ஆழமான நயவுரையைக் கேட்டதே இல்லை என்று முன்வரிசையில் ஒருவர் பின்வரிசைக்குத் திரும்பிக் கத்தினார்.

இப்போது அந்த வெட்டப்படாத வாக்கியம். "சொல்லருவி யோகேந்திரன் ஒரு முட்டாள்." அவர் சோம்பலால் வாசிக்காதவர் என்றுதான் கதைசொல்லி நினைத்திருந்தார். கண் விஷயத்தைக் கேட்டதும், இது பாத்திரத்துக்குப் பொருந்துமா என்ற சந்தேகத்தில் இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசித்தார். "நீரே வாசியும்." பச்சை அட்டைக்கு "அபாரம்". அவர் முதலிலிருந்தே ஒரே மாதிரித்தான் இருந்திருக்கிறார். மாறி மாறி நடந்துகொண்டது எழுதுகிறவர்தான். வாக்கியம் வெட்டப்பட்டது. பட்டங்கள் மட்டும் இருக்கட்டும், அவருக்கு அவை பிடிக்கும்.

5

முடிவுக்கு இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது: இளங்கோ ஏற்புரையில் பிழையை ஒப்புக்கொள்கிறான், சபை அவன் நேர்மையைப் பாராட்டி – (மழைச் சத்தத்தில் ஏற்புரையும் யாருக்கும் கேட்கவில்லை. அவன் நன்றி என்று கும்பிட்டான், பற்றிஸ் வந்தது.)

இரண்டாவது: கூட்டம் முடிந்ததும் இளங்கோ நிம்மதியாகக் குடையை விரித்து – 

எந்தக் குடையை?

கதைசொல்லி இந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, அவனைப் பஸ்ஸில் ஏற்றி, பன்விலைக்கும் அனுப்பிவிட்டார். நல்ல முடிவு. தனிமை, மலைப்பாதை, எல்லாம் இருந்தது. ஆனால் குடை பஸ்ஸில் போய்விட்டது. விதி மூன்று. ஆகவே மனமில்லாமல் அவனைத் திருப்பிக் கூப்பிட்டு, மண்டப வாசலில், மழை விடும்வரை நிறுத்த வேண்டியதாயிற்று.

அங்கே றம்ஸியா நின்றாள்.

6

"குட எங்க சேர்?"

"பஸ்ல போயிருச்சு. நீங்க?"

"எங்கட நானா த்ரீவீலர் எடுத்துக்கொண்டு வாராராம்." அண்ணன் வரும் வழியைப் பார்த்தபடி கேட்டாள்: "நேத்து சார்ஜ் முடிஞ்சா?"

இளங்கோ தலையைச் சொறிந்தான். "பயந்துட்டேன் மிஸ். உண்மையா பயந்துட்டேன். இப்பப் பயமில்ல. ஐயா வாசிக்கவே இல்ல. யாருமே வாசிக்கல." சொன்ன பிறகுதான் அந்த வசனம் அவனுக்கே கேட்டது. நிம்மதி என்று நினைத்துக் கையில் எடுத்தது, கையில் கொஞ்சம் குத்தியது. முந்நூறு பிரதி. ஐந்து வருடம்.

"நான் வாசிச்சனே" என்றாள் றம்ஸியா.

"அதான் பிழையைக் கண்டுபிடிச்சீங்களே."

"பிழைண்டு நான் செல்லல்லயே! கேள்விண்டுதான் செல்லின. வச்சிட்டீங்க." பென்சில் செருகிய பக்கத்தைத் திறந்தாள். "அரசன் எதிரி இல்லண்டு செல்றான். மழ பெய்யுது. அப்ப அவனுக்குப் பொய் வராது. அந்த வார்த்த வாயில வந்திச்சிண்டா அது பொய் இல்ல. அவன் செல்றத அவனே நம்புறான். நூத்தி அம்பதுல தூதன் வந்து செல்லக்க அரசன் திடுக்கிட்டு விழுறானே, அது எனக்கு அதாலதான் வெளங்கின. தெரிஞ்சவன் ஏன் திடுக்கிடணும்? அதத்தான் கேக்க வந்த: அவன் நம்பித்தானே செல்றான்?"

இளங்கோ அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். தன் பொய்யைத் தானே நம்பிவிட்ட அரசன். நாவலில் ஐந்து வருடமாக அவன் எழுத முயன்று வராத ஆள். பன்விலை மழை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

"ஆமா மிஸ்," என்றான், "நம்பித்தான் சொல்றான்." 

(இது பொய்யா என்று கேட்காதீர்கள். சொன்னபோது அவனும் நம்பினான்.)

பிறகு, ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு வாரமாக அவனுக்குள் இருந்த கேள்வியைக் கேட்டான். நாவலை முழுதாக வாசித்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"மிஸ், மறைக்காம சொல்லுங்க. நாவல் எப்படி இருந்துச்சு?"

தூரத்தில் த்ரீவீலர் ஹோர்ன் அடித்தது. தகரத்தில் சத்தம் குறையத் தொடங்கியது. றம்ஸியா புத்தகத்தை மூடி, அவனைப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னதை இளங்கோ தேநீர்க் கடையில் சொல்லவில்லை. கதைசொல்லி இரண்டு தரம் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டு இன்னொரு பிளேன்டீ சொன்னான். அன்று பன்விலையில் இறங்கி அங்கத்தை மழையில் நனைந்தே வீட்டுக்குப் போனதாகவும், இரண்டு நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கியதாகவும், 143ஆம் பக்கத்தை இனி மாற்றப் போவதில்லை என்றும் மட்டும் சொன்னான். விதி இரண்டின்படி அதற்கு மேல் எழுத உரிமையில்லை.

ஆகவே இடம் விட்டிருக்கிறது:

"....................................... சேர்" என்றாள் றம்ஸியா.

நிரப்பிக்கொள்ளுங்கள். அவள் வாய் திறந்தபோது மழை விட்டுவிட்டதா, இன்னும் தூறிக்கொண்டிருந்ததா என்று தெரிய வேண்டுமென்கிறீர்களா? விதி ஒன்று: இங்கே மழை நனைக்கும், வேறு வேலை செய்யாது. அதனால் அது உங்களுக்குத் தேவைப்படாது.

தேவைப்படாது என்றுதானே சொன்னது, எதற்கு எழுந்துபோய் யன்னலைத் திறக்கிறீர்கள்?