நெஞ்சுக்கும் கம்பிக்கும் நடுவே

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாடுகாணிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருக்கிறேன். மழைக்காலத்தில் பாதிப் பேர் அட்டைக்கடி என்று வருவார்கள், மீதிப் பேர் வாயு என்று வருவார்கள். பொன்னுத்துரையும் அன்று காலை வாயு என்றுதான் வந்தார்.

ஆனால் குளிரிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இடது கை கனக்கிறது என்றார்.

"கற்பூரம் போட்டு எண்ணெய் காய்ச்சி நெஞ்சுல தேச்சு விட்டேன் பிள்ள, கேக்கல" என்றார் அவர் மனைவி தெய்வம்மா.

கூடலூர் டாக்டருக்குப் போன் போட்டேன். ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னவர், "ஈசிஜி எடுத்து போட்டோ அனுப்புங்க. மாரடைப்புன்னா இங்க வரக் கூடாது, நேரா மலையிறங்கி இருதய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்" என்றார். இரண்டும் எதிரெதிர்த் திசை. தப்பான பக்கம் போனால் திரும்பி வர அவருக்கு நேரம் இருக்காது.

கை கால்களில் கிளிப் மாட்டினேன், நெஞ்சில் ரப்பர் குமிழ் வைத்த கிண்ணங்களை ஒட்டினேன். காகிதத்தில் கிறுக்கல்தான் வந்தது. மெஷினைத் தட்டினேன், திட்டினேன். கிண்ணம் ஒன்று வழுக்கி விழுந்தது. கிளிப்பைச் சரிசெய்யப் போனால் காலும் வழவழ என்றிருந்தது.

"ஏனுங்க, காலெல்லாம் என்னத்தைங்க தேச்சிருக்கீங்க?"

"வேப்பெண்ணெய். லயத்து வீட்டுல இருந்து வர்ற பாதை பூரா அட்டையில்ல?" என்றார் பொன்னுத்துரை, முனகலுக்கு நடுவில்.

கைக்கும் அதே எண்ணெய். நெஞ்சு வலியிலும் அட்டைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கிளம்ப இந்த மலையில் இருப்பவர்களால்தான் முடியும். எண்ணெய் இதயத்திலிருந்து வரும் மின்சாரத்தை வழிமறித்துவிடும். அவர் நெஞ்சு சொல்வது எதுவும் மெஷினுக்குக் கேட்கவில்லை.

சோப்புப் போட்டுத் துடைத்தோம். அடுத்து தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே தடவுகிற ஜெல் வேண்டும். டியூபைப் பிழிந்தேன், காற்றுதான் வந்தது. கேட்டனுப்பிய ஜெல் இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஜெல்லில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யோசித்தேன். ஈரமும் உப்பும்தானே.

"உப்பு வேணுங்க" என்றேன்.

தெய்வம்மாவிடமே இருந்தது. அட்டையை விழவைக்க இடுப்பில் சொருகியிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்து நீட்டினார். தண்ணீரில் கரைத்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் கிண்ணத்துக்கும் அடியில் வைத்தோம். பக்கத்துப் பஞ்சோடு பஞ்சு தொட்டால் ஓரிடத்துச் செய்தி இன்னோரிடத்தோடு கலந்துவிடும் என்று ஒருமுறைதான் சொன்னேன். கொழுந்து கிள்ளுகிற விரல்கள் அல்லவா, ஒன்றுகூடத் தொடவில்லை.

பொத்தானை அமுக்கினேன். கோடு தெளிவாக வந்தது.

எத்தனையோ ஈசிஜி எடுத்திருக்கிறேன், அன்றுதான் மலைத்துப் போனேன். நெஞ்சில் பிறக்கும் மின்சாரம் ஒரு டார்ச் பல்பைக்கூட எரிக்காது. அவ்வளவு சின்னது, ரத்தத்தையும் சதையையும் கடந்து தோல்வரை வந்துவிடுகிறது, ஏனென்றால் உடம்புக்குள்ளும் உப்புத் தண்ணீர்தான். காய்ந்த தோலில் திணறுகிற அதைக் கைபிடித்து உலோகத்தில் ஏற்றிவிடக் கொஞ்சம் உப்பு போதும். அப்புறம் செம்புக் கம்பி பார்த்துக்கொள்கிறது. அடுக்களையில் கிடக்கிற உப்பை அன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் கோட்டில் ஓரிடம் இறங்க வேண்டியது இறங்காமல் தூக்கி நின்றது. போட்டோ போனதும் டாக்டர் கூப்பிட்டார். "மாரடைப்புதான். கீழ அனுப்புங்க. அங்க நான் சொல்லி வைக்கிறேன்."

எஸ்டேட் டிரைவர் வினோத் ஜீப்பை வாசலுக்கே கொண்டுவந்தார். பொன்னுத்துரை அசையவில்லை.

"இப்பக் கொஞ்சம் தேவலாம். ஒரு தேத்தண்ணி குடிச்சா சரியாப் போயிரும். ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரல" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தெய்வம்மா அந்தக் காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். குரலை உயர்த்தவில்லை.

"கல்யாணமான நாள்ல இருந்து நீங்க சொன்னதத்தான் கேட்டேன். இன்னைக்கு உங்க நெஞ்சு சொல்றதக் கேக்கப் போறேன். ஏறுங்க."

பொன்னுத்துரை கையை நீட்டினார். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அப்படியே தூக்கி ஜீப்பில் ஏற்றினோம்.

சாயங்காலம் தெய்வம்மாவிடமிருந்து போன் வந்தது. "அடைப்ப எடுத்துட்டாங்க பிள்ள. ஆளு பேசுறாரு" என்றார். அதுவரை கல்லாக இருந்தவர் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். நானும் அழுதேன்.